நாலாம் தடவையாகச் சேர்ந்த ரைட் அவுட்

ஏரம்பமூர்த்தி குவீன் தெரு யுவர் சங்கத்தில் நான்கு முறை சேர்ந்தார். மூன்று முறை விட்டுப் போனார். சங்கத்தின் பெயர்ப் புத்தகத்தில் அவர் பெயர் நான்கு இடங்களில் இருந்தது. மூன்றின் மேல் கோடு கிழித்திருந்தது. கால்பந்து ஆடுகிறவர்கள் சங்கம் மாறுவது பினாங்கில் நடக்காத காரியமல்ல. ஆனால் போனவர் போனவர்தான். போவதும் வருவதுமாக இருந்தவர் அவர் ஒருவரே.

யாழ்ப்பாணத்துக்காரர். பதினெட்டு வயதில் கப்பலேறி வந்து ஒரு கப்பல் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, உட்கார்ந்தவர். ஒல்லி உடம்பு, நீண்ட கால்கள், அளந்த பேச்சு. மைதானத்தின் வலது கோட்டையொட்டி ஓடிப் பந்தை நடுவே தூக்கிக் கொடுக்கும் ரைட் அவுட் இடம் அவருடையது. யுவர் சங்கம் என்பது மசாலைச் சாமான் கடை ஒன்றின் மாடியில் ஒரே ஓர் அறை. அதில் இருந்தவர்கள் கடைச் சிப்பந்திகள், தையற்காரர்கள், துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவர்கள். எல்லாரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். யாழ்ப்பாணத்தார் அவர் மட்டும்தான். ஆமாம் என்பதற்கு அவர் 'ஓம்' என்று சொன்னால் கோல் கீப்பர் திருநாவுக்கரசு 'நமச்சிவாய' என்று முடித்து வைப்பார். அறை முழுக்கச் சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

முதல் தடவை அவர் விட்டுப் போனதற்குக் காரணம் சொந்தச் சாதிசனம். "எங்கட ஆக்களுக்கு ஒரு டீம் இருக்கேக்கை நீர் ஏன் கடைக்காரரோடை விளையாடுறீர்?" என்று அலுவலகத்தில் பெரியவர்கள் கேட்டார்கள். போனார். அங்கே ரைட் அவுட் இடத்தில் தலைமைக் கிராணியின் மருமகன் ஆடினான். அவனுக்குப் பந்து எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது. ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு ஏரம்பமூர்த்தி திரும்பி வந்தார். இரண்டாம் தடவை தைப்பிங் நகருக்கு வேலை மாற்றம். இரண்டு வருஷம் கழித்து அங்கிருந்தும் திரும்பினார். இந்த இரண்டையும் யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விட்டுப் போனவர் மறுபடி சேர வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னும் நின்று தன் வாயால் கேட்க வேண்டும். கடிதம் செல்லாது, சிபாரிசு செல்லாது. இருப்பவர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் முடிந்தது. இரண்டு முறையும் அவர் நின்று கேட்டார். இரண்டு முறையும் திருநாவுக்கரசு, "சீக்கிரம் எழுதுங்கப்பா, டீ ஆறுது" என்றார்.

1941 நடுவில் ஏரம்பமூர்த்தி தம் மனைவி கனகேஸ்வரியையும் இரண்டு வயது மகளையும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி வைத்தார். இரண்டாவது பிரசவம்; தாய்வீட்டில் நடக்கட்டும் என்றுதான். டிசம்பரில் பினாங்கின்மேல் குண்டு விழுந்தது; ஊர் ஜப்பான்காரர்கள் கைக்குப் போயிற்று. கப்பல் கம்பெனி மூடியது. கப்பலே இல்லாதபோது கடிதம் எதில் வரும்? பிறந்தது ஆணா பெண்ணா, தாயும் பிள்ளையும் பிழைத்தார்களா என்று தெரியாமலே மூன்று வருஷத்துக்கு மேல் போயிற்று. இதைப்பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. கேட்டவர்களும் இல்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது.

வாடகை வீட்டை ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்டதும் அவர் சங்க அறையில் பாயைப் போட்டார். சாயங்காலம் ஆட்டக்காரர்கள் வருவார்கள், பேசுவார்கள், இருட்டுமுன் வீட்டுக்கு ஓடுவார்கள். அதற்குப் பிறகு மறுநாள் சாயங்காலம் வரை அவரோடு பேச ஆளில்லை. கிடைத்த கூலி வேலைக்குப் போய் வந்து, மரவள்ளிக் கிழங்கை அவித்துச் சுவரைப் பார்த்தபடி தின்பார். சில நாள் தன் குரலே கரகரத்துப் போயிருப்பதை மாலையில் முதல் வார்த்தை பேசும்போதுதான் கவனிப்பார்.

ஜப்பான்காரர்களுக்கு விளையாட்டுப் பிடிக்கும். கடற்கரையோரத்து எஸ்பிளனேட் திடலில் மறுபடி ஆட்டங்கள் நடந்தன. கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் தள்ளி வைத்திருந்ததால் ஏழு மணி ஆட்டத்துக்கும் வெயில் இருந்தது. துறைமுகத்தை மேற்பார்த்த அதிகாரி ஒருவர் தாமே ஒரு டீம் கட்டினார். அதில் ஆடுகிறவர்களுக்குத் தங்க இடம், வாரந்தோறும் சயாம் வெள்ளை அரிசி. மல்லிகைப்பூப்போல இருக்கும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஊரில் மற்றவர்கள் கிழங்கும், உமி போகாத நொய்யும் தின்றுகொண்டிருந்தார்கள்.

1943இல் ஒரு நாள் அந்த அதிகாரியின் ஆள் ஏரம்பமூர்த்தியைக் கூப்பிட்டான். அரிசி ஒரு காரணம். இன்னொன்றை அவன்தான் சொன்னான்: அங்கே எல்லாரும் ஒரே மேசையில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். அந்தச் சொல் போதுமாக இருந்தது. மூன்றாம் நாள், ஞாயிறு காலை, அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். சங்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினார்.

அன்று மாலை யுவர் சங்கத்துக்கும் துறைமுக டீமுக்கும் ஆட்டம். சங்கத்து ஆட்கள் திடலோரம் அவருடைய சட்டையை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எதிர்ப்பக்கச் சட்டையில் அவர் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பதிலாள் இல்லை, பத்துப் பேராக ஆடினார்கள். கடைசி நேரத்தில் அவருக்குப் பந்து வந்தது. கால் பழக்கத்தில் அடித்தது. திருநாவுக்கரசின் கைக்கு எட்டாமல் உள்ளே போய்விட்டது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

துறைமுக விடுதியில் மேசை நீளமாகத்தான் இருந்தது. ஆனால் இருந்தவர்கள் பாதிப்பேர் சீனர், மீதி மலாய்க்காரர். அவரவர் கூட்டத்தோடு அவரவர் பேசினார்கள். ஏரம்பமூர்த்தி மேசை முனையில் உட்கார்ந்து வெள்ளைச் சோற்றைத் தின்றார். முறை வரும்போது சமையலுக்கும் நின்றார். சுத்தக்காரர், அரிசியை மூன்று தண்ணீர் கழுவுவார், கஞ்சியை வடித்து ஊற்றுவார். ஆலையிலிருந்து அரிசியோடு வரும் தவிட்டு மூட்டையைத் தாமே தூக்கிப் போய் வாத்து வளர்க்கும் சீனரிடம் கொடுத்துச் சிகரெட்டு வாங்கி வருவார்.

அடுத்த வருஷம் பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பிறகு பூட்ஸ் ஏறவில்லை. பிறகு ஓடும்போது முன்பாதம் தரையில் இழுத்தது. அதிகாரி இரண்டு ஆட்டம் பார்த்தார். மூன்றாம் ஆட்டத்துக்கு முன் பாயைச் சுருட்டச் சொல்லிவிட்டார்.

அவர் நேரே குவீன் தெருவுக்கு வந்தார். போக வேறு இடம் இல்லை. சங்கத்தின் மாடிப்படியை மூன்று நாள் பார்த்துக்கொண்டு நின்றார், ஏறவில்லை. எதிர்ப்பக்கத்து அஞ்சடியில், கடைகளுக்கு முன்னால் ஓடும் அந்தக் கூரையிட்ட நடைபாதையில், ருக்கையா கிழங்கு அடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். போருக்கு முன்னால் ஆஸ்பத்திரி வார்டில் பதினோரு வருஷம் நோயாளி பார்த்தவர். அவருடைய தம்பி முகம்மது கனிதான் சங்கத்தின் பேக் என்னும் தடுப்பாட்டக்காரர்.

"தம்பி, இங்க வாங்க. மூணு நாளா பாக்கறேன், கோழி சேத்துல நடக்கற மாதிரி கால தூக்கித் தூக்கி வைக்கறீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். ருக்கையா அவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பத்து எண்ணி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"இதுல கோலி ஆடலாம். என்ன சாப்பிட்டீங்க இவ்வளவு நாளா?"

"சோறுதான், அக்கா. நல்ல சோறு. வெள்ளை அரிசி."

"கூட?"

"கருவாடு. சில நாள் கீரை. கூடுதலாச் சோறுதான்."

"அதான் பெரிபெரி, கால் வீங்கி நரம்பு செத்துப்போற சீக்கு. தீட்டித் தீட்டி எடுத்த அரிசியில என்ன இருக்கு? வெள்ளைதான் இருக்கு. வார்டுல எத்தன சீனன் இதே கால வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தான் தெரியுமா? நம்ம ஆளுங்க புழுங்கலரிசி தின்னு தப்பிச்சாங்க. உங்க ஊர்லயும் புழுங்கல்தானே?"

"ஓம். சிவப்பரிசி."

"பின்ன என்ன? தவிடெல்லாம் எங்க போச்சு?"

அவர் தம் காலைப் பார்த்தார். பிறகு சொன்னார். "வாத்துக்கு."

"வாத்து நல்லா இருக்குமே!" என்றார் ருக்கையா.

ஞாயிற்றுக்கிழமை ஏரம்பமூர்த்தி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். முன்பு இருபத்திரண்டு பேர் இருந்த சங்கம். சிலர் கிழங்கு பயிரிடத் தீவைவிட்டு அக்கரைக்குப் போய்விட்டார்கள். சிலரைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். தலைவர் வாசு மசாலைக் கடையில் தராசு பிடிக்கிறவர், நிதானமான மனிதர். அவர் பெயர்ப் புத்தகத்தை மூடியே வைத்திருந்தார்.

"என்ன கிராணியாரே, அரிசி தீந்து போச்சா?" என்றான் மூலையிலிருந்த தையற்காரன் ஒருவன்.

"அரிசி தீரேல்லை. கால் தீந்து போச்சு."

ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். ஏரம்பமூர்த்தி வழக்கப்படி நடுவில் வந்து நின்றார். "நான் திரும்பச் சேர விரும்புறன். சொல்லாமல் போனது என்ர பிழை. சட்டையை வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தனீங்கள் எண்டு பிறகு கேள்விப்பட்டன். விளையாட விடாட்டிலும் பரவாயில்லை. பேரை எழுதினால் போதும்."

வாசு ஒவ்வொருவராகப் பார்த்தார். கனி சரி என்று தலையாட்டினார். மற்றவர்களும் ஆட்டினார்கள். கடைசியில் எல்லார் கண்ணும் திருநாவுக்கரசிடம் போயிற்று. அவர் ஜன்னலோரம் சுவரில் சாய்ந்து நின்றார்.

"ஆடாத ஆளுக்கு இங்க என்ன வேலை? இது கால்பந்து சங்கமா, சத்திரமா?" என்றார் திருநாவுக்கரசு. "குந்தி எழுந்திரிக்கச் சொல்லுங்க. கைய ஊனாம எழுந்தா எழுதுங்க."

அந்தச் சோதனை அப்போது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் பெரிபெரி இருக்கிறதா என்று பார்க்க அதைத்தான் செய்யச் சொல்வார்கள். ஏரம்பமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். இறங்குவது எளிதாக இருந்தது. எழ முயன்றார். தொடைகள் வேறு யாருடையவோ போல இருந்தன. இரண்டாம் முறை பாதி எழும்பிப் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். கனி ஓர் அடி முன்னால் வைத்தார்.

"தொடாதே," என்றார் திருநாவுக்கரசு. பிறகு, கீழே கிடந்தவரைப் பார்த்து, "நான் வேணாம்னு சொல்லல. எழுந்திரிக்க முடியறப்ப வாங்க," என்றார்.

சுவரைப் பிடித்து எழுந்திருக்க வெகு நேரமாயிற்று. அந்த நேரம் முழுக்க ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். படியில் இறங்கும்போதுதான் மேலே பேச்சு மறுபடி தொடங்கியது.

ருக்கையா தம் வீட்டுப் பின்புறத்து விறகுக் கொட்டடியில் ஒரு பாயைப் போட்டுக் கொடுத்தார். இரக்கத்தால் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு உரலில் கிழங்கு இடிக்க ஆள் வேண்டியிருந்தது, உட்கார்ந்தபடி இடிக்கலாம். கனிக்கு மாமனார் ஊர் அக்கரையில் இருக்கும் கெப்பாலா பத்தாஸ். அங்கிருந்து ஒரு மூட்டை தவிடு தோணியில் வந்தது. சலித்து, வறுத்து, கஞ்சியில் போட்டு மூன்று வேளையும் ஒவ்வொரு அகப்பை. கூட முளைவிட்ட பச்சைப்பயறு ஒரு கை, கிடைத்தால் கச்சான் என்னும் நிலக்கடலை.

"தொண்டையிலை நிக்குது, அக்கா."

"நிக்கட்டும். தண்ணி குடிங்க, போயிடும். தவிடு தின்னு செத்தவன நான் பாத்ததில்ல. திங்காம செத்தவன நெறயப் பாத்துட்டேன்."

ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்தது. வீக்கம் வடிந்த கால் வெறும் எலும்பாக இருந்தது. அதைப் பார்த்து அவர் பயந்தார். ருக்கையா அதுதான் சரி என்றார். எறும்பு ஊர்வது நிற்க இன்னும் மூன்று மாதம் பிடித்தது. நரம்பு அவசரப்படாது. தினமும் விடிந்ததும், தெருவில் ஆள் நடமாடுமுன், அவர் அஞ்சடித் தூணைப் பிடித்துக்கொண்டு குந்துவார், எழுவார். முதலில் இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு ஒரு கை. பிறகு இரண்டு விரல். எதிர்மாடியிலிருந்து ஞாயிறுதோறும் நாற்காலி இழுக்கும் சத்தமும் பேச்சும் கேட்கும். எந்தக் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியும். எண்ணிக்கொண்டே வருவார். மாதங்கள் போகப் போக ஒவ்வொரு குரலாகக் குறைந்தது. கடைசியில் கனியும் பெண்டு பிள்ளைகளோடு கெப்பாலா பத்தாஸுக்கே போய்விட்டார்.

1945 ஏப்ரலில் ஒரு காலை தூணைத் தொடாமல் எழுந்தார். நம்பாமல் இன்னொரு முறை குந்தி எழுந்தார். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ருக்கையா திரும்பிப் பார்த்துவிட்டு ஊதுகுழலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு மாடியில் ஐந்து பேர் இருந்தார்கள். ஏரம்பமூர்த்தி கேட்க வேண்டியதை மறுபடி கேட்டார். பிறகு, யாரும் சொல்லாமலே குந்தினார். எழுந்தார்.

"இன்னொரு தடவ," என்றார் திருநாவுக்கரசு.

எழுந்தார்.

"இன்னும் ஒண்ணு."

வாசு, "போதும்ப்பா," என்றார்.

"நான் ஒண்ணும் கொல்லல. தொண்ணூறு நிமிஷம் ஓடணும்ல?"

மூன்றாவது முறை முழங்கால்கள் வெடவெடவென்று ஆடின. நெற்றி வியர்த்தது. கை தானாகச் சுவரைத் தேடியது. அதை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டார். எழுந்து நின்றார்.

திருநாவுக்கரசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எழுதுங்க," என்றார்.

வாசு எழுதினார். மை தட்டுப்பாட்டுக் காலம், பென்சிலால்தான் எழுதினார். எழுதி முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டு, "உண்மையச் சொல்லிடறேன் கிராணியாரே," என்றார். "உங்களோட சேத்து ஆறு பேரு. ஆறு பேர வெச்சு யார்கூட ஆடறது? பந்தும் கிழிஞ்சு போச்சு. நாலு மாசமா நாங்க ஆட்டமே ஆடல."

"பிறகு ஏன் ஞாயிற்றுக்கிழமை வாறீங்கள்?"

வாசு மற்ற நால்வரையும் பார்த்தார். "வராம என்ன செய்யறது?" என்றார்.

ஐந்து பேரும் இருட்டுமுன் வீடு சேர வேண்டியவர்கள். அரை மணி பேசியிருந்துவிட்டுப் போய்விட்டார்கள். அறைச் சாவி பழையபடி அவரிடம் வந்தது. பாயை எடுத்துவர ருக்கையாவிடம் போனார்.

"பாயை விட்டுட்டுப் போங்க, தம்பி. நாளைக்கு ஒரு ஆள் வருது. துறைமுகத்துக்காரன், கால் உங்களதவிட மோசம். தவிட ரெண்டு வேளையா கொறைச்சுக்கலாம். நிறுத்திடாதீங்க."

அவர் தமது துணிமூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். ஜன்னலைத் திறந்தார். நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கினார். தரையைப் பெருக்கினார். அதற்குள் பொழுது சாய்ந்தது. இந்த அறைக்காகத்தான் ஏழு மாதம் தவிடு தின்றிருந்தார். அறை கிடைத்துவிட்டது. அதில் இருந்த மனிதர்கள்தாம் போய்விட்டார்கள். அவர்களை அவர் யாரிடம் கேட்டு வாங்குவது?

வாரத்தின் நடுவில் அவர் பழைய பந்தைத் தேடி எடுத்தார். உள்ளே இருந்த ரப்பர் பை போய்விட்டது. இலவம்பஞ்சைத் திணித்து, தையற்காரனிடம் ஊசி வாங்கி, வாயைத் தைத்தார். துள்ளாது. ஆனால் உருளும். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குத் திடலுக்கு வரச் சொல்லி ஐந்து பேரிடமும் போய்ச் சொன்னார். இந்தத் தடவை அவர்தான் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். பார்க்கலாம் என்றார்கள்.

வந்தது ஒருவர். திருநாவுக்கரசு.

கோல் கம்பங்களை யாரோ விறகுக்கு வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். திருநாவுக்கரசு செருப்புகளைக் கழற்றி எட்டடி இடைவிட்டு வைத்துவிட்டு நடுவில் நின்றார். பந்தைக் கையில் வாங்கி நிறை பார்த்தார்.

"என்ன இது, தலகாணியா?"

"பஞ்சு."

"சரி, அடிங்க."

ஏரம்பமூர்த்தி அடித்தார். பந்து பொத்தென்று விழுந்து பாதி தூரத்தில் நின்றது. திருநாவுக்கரசு நடந்துபோய் எடுத்து வந்து திருப்பி எறிந்தார். ஏரம்பமூர்த்தி மறுபடி அடித்தார். பத்து, இருபது முறை. கடற்பக்கத்திலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. திடலில் வேறு ஒருவரும் இல்லை. கால் சோர்ந்தபோது அவர் உட்கார்ந்தார். திருநாவுக்கரசு நின்றபடி காத்திருந்தார். கை கொடுக்க வரவில்லை. ஏரம்பமூர்த்தி கை கேட்கவும் இல்லை. தாமே எழுந்து மறுபடி அடித்தார்.

வெயில் மஞ்சளானபோது திருநாவுக்கரசு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பொண்டாட்டி கிட்ட சொல்லாம வந்துட்டேன். கத்துவா." இரண்டு அடி போய் நின்று திரும்பினார். "அடுத்த ஞாயிறு இருப்பீங்களா?"

"நான் எங்கை போறது?" என்றார் ஏரம்பமூர்த்தி.

திருநாவுக்கரசு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தம் வீட்டுப் பக்கம் நடந்தார். ஏரம்பமூர்த்தி கொஞ்ச நேரம் திடலில் நின்றார். பிறகு குவீன் தெருவை நோக்கி மெதுவாக நடந்தார்.